சோழி எழுத்தும் ஓலைச் சுவடியும்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் எழுத்துகளின் வரலாற்றைப் பற்றி எழுதியதற்கு இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்த கடிதங்களில் நான்கு, சொல்லி வைத்தாற்போல் ஒரே சீன எழுத்தைச் சுற்றி வருகின்றன. எனவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அந்த ஓர் எழுத்துக்கே ஒதுக்கிவிட்டேன். சீன எழுத்தை இங்கே அச்சிட வசதியில்லாததால், அதன் வடிவத்தைச் சொல்லால் வரைந்து காட்டுகிறேன். வாசகர்கள் ஒரு துண்டுத் தாளையும் பென்சிலையும் அருகில் வைத்துக்கொண்டால் நல்லது.

கேள்வி (கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர்): என் தகப்பனார் காலம்வரை எங்களுக்குச் சங்கு வியாபாரம். இப்போது மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். சீனத்தில் 'சிப்பி' என்று பொருள்படும் எழுத்து ஒன்று 'விலை கூடியது', 'ஏழை', 'செல்வம்' ஆகிய சொற்களிலெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். ஆனால் கடைப் பலகையில் 'வாங்குதல்', 'விற்றல்' என்பவற்றில் மட்டும் அதைக் காணவில்லையாம். அவனுடன் வேலை பார்க்கும் ஜப்பானியர் அதே எழுத்தைக் 'கை' என்று படிக்கிறாராம். கடலில் கிடக்கும் சிப்பிக்கும் காசுக்கும் என்ன தொடர்பு?

பதில்: உங்கள் மகன் நன்றாகவே கவனித்திருக்கிறார். முதலில் எழுத்தை வரைந்துகொள்வோம். செங்குத்தாக ஒரு நீள்சதுரம் போடுங்கள். அதற்குள் குறுக்காக இரண்டு கோடுகள். அடியில் இருபுறமும் விரிந்த இரண்டு குட்டைக் கால்கள். மொத்தம் ஏழு இழுப்புகளில் எழுத்து முடிந்துவிடும். சீனர் இதைப் 'பெய்' என்றும், கொரியர் 'பே' என்றும், வியட்நாமியர் 'போய்' என்றும் ஒலிப்பார்கள். ஜப்பானியருக்கு இதில் இரண்டு வாசிப்புகள் உண்டு: சீனத்திலிருந்து எழுத்தோடு சேர்ந்து வந்த 'பை', தம் சொந்தச் சொல்லான 'கை'. எழுத்து வெளியிலிருந்து வந்தாலும் அதன்மேல் உள்ளூர்ச் சொல்லை ஏற்றிப் படிப்பது ஜப்பானியரின் வழக்கம். இந்தக் 'கை'க்கும் நம் கைக்கும், 'பை'க்கும் நம் பைக்கும் உறவு தேடிக் கடிதம் எழுதிவிட வேண்டாம் என்று மற்ற வாசகர்களையும் இங்கேயே கேட்டுக்கொள்கிறேன். ஒலி ஒத்துப்போவது மட்டுமே உறவுக்குச் சான்றாகாது.

இனி அந்த எழுத்து எந்தப் பொருளின் படம் என்று பார்ப்போம். பாட்டி வீட்டுப் பல்லாங்குழிப் பெட்டியிலிருந்து எடுத்த சோழி ஒன்று இதை எழுதும்போது என் மேசைமேல் கிடக்கிறது. தாயம் ஆடும்போது மல்லாந்து விழுமே, அப்படி அதைத் திருப்பிப் போட்டால் நடுவில் நீளமாக ஒரு பிளவும், பிளவின் இரு கரையிலும் பல்வரிசை போன்ற வரிகளும் தெரிகின்றன. ஆமை ஓட்டிலும் மாட்டின் தோள்பட்டை எலும்பிலும் குறி கேட்டுக் கீறி வைத்த மிகப் பழைய சீன எழுத்துகள் 1899இல் அறிஞர் கண்ணில் பட்டன. அவற்றில் இந்த எழுத்து, வரிகளோடு கூடிய சோழியின் அடிப்பக்கமாகவே இருக்கிறது. தூரிகையால் எழுதத் தொடங்கிய பிறகு வளைவுகள் நிமிர்ந்து கோடுகளாயின. பிளவும் பற்களும் போய்ப் பெட்டியும் கால்களும் மிஞ்சின. ஆகவே 'சிப்பி' என்பது இன்றைய பொருளே. பிறப்பில் அது சோழி, நம் பழைய நூல்கள் 'பலகறை' என்று சொல்லும் அதே பொருள்.

அந்த எழுத்துகளை எழுதியவர்கள் கடற்கரை மக்கள் அல்லர். அவர்களின் தலைநகரம் மஞ்சள் ஆற்றுச் சமவெளியில், இன்றைய ஆன்யாங் நகருக்கருகே, கடலிலிருந்து வெகு தொலைவில் இருந்தது. அங்கே ஊ திங் என்ற அரசனின் தேவியான ஃபூ ஹாவ் கல்லறையை 1976இல் தோண்டியபோது வெண்கலமும் பச்சைக்கல்லுமாகக் குவிந்து கிடந்தவற்றோடு ஏறக்குறைய 7,000 சோழிகளும் கிடைத்தன, காலம் கி.மு. 1200ஐ ஒட்டியது. வெப்பக் கடலில் பிறக்கும் சோழி, குளிர்காலத்தில் உறைபனி பெய்யும் ஒரு சமவெளிக்கு எத்தனை கை மாறிப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால், அது ஏன் செல்வமாயிற்று என்று தனியே விளக்க வேண்டியதில்லை. அரசன் தன் அதிகாரிக்கு இத்தனை சரம் சோழி கொடுத்தான், அதைக் கொண்டு இந்தப் பாத்திரம் செய்யப்பட்டது என்று வெண்கலப் பாத்திரங்களிலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். உண்மைச் சோழி போதாதபோது எலும்பிலும் கல்லிலும் வெண்கலத்திலும் போலிச் சோழி செய்தார்கள். கி.பி. 100ஐ ஒட்டி 9,353 எழுத்துகளுக்கு விளக்கம் எழுதி முடித்த ஷூ ஷென் என்ற அகராதி ஆசிரியர், பழங்காலத்தார் சோழியைப் பணமாகக் கொண்டார்கள், சின் ஆட்சியில் அது ஒழிந்து நாணயம் நடைமுறைக்கு வந்தது என்று இந்த எழுத்தின்கீழ் குறித்திருக்கிறார்.

இது உங்களுக்குப் புதிதாகத் தோன்றக்கூடாது. உங்கள் தகப்பனார் விற்ற சங்கை நம் கரையில் யாரும் பொன்போல் பொத்தி வைத்ததில்லை. சதை அழுகுவதற்காகக் குவித்து வைத்த இடத்தின் நாற்றத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் நாம். அதே சங்கு வங்காளம் போய் அறுபட்டு வளையலான பிறகு, அங்கே மணப்பெண் அது இல்லாமல் மணமேடை ஏறுவதில்லை. மாலத்தீவில் சோழியை மலைபோல் குவித்து, சதையை அழுகவிட்டு, சயாமுக்கும் வங்காளத்துக்கும் ஏற்றி அனுப்புகிறார்கள், அங்கே அதுவே பணம் என்று 15ஆம் நூற்றாண்டின் சீனக் கடற்பயணி மா ஹுவான் எழுதியிருப்பதைப் படிக்கும்போது எனக்கு அந்த நாற்றமே நினைவுக்கு வந்தது. சீனத்தின் தென்மேற்கு மூலையிலுள்ள, கடலே இல்லாத யுன்னான் மாகாணத்தில் 17ஆம் நூற்றாண்டுவரை சோழியைக் கொடுத்துப் பொருள் வாங்கினார்கள்.

காசுச் சோழி ஒழிந்தாலும் எழுத்துச் சோழி ஒழியவில்லை. பணத்தோடு தொடர்புள்ள எழுத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு அது உறுப்பாயிற்று. செல்வம், சரக்கு, செலவு, கடன், வாடகை, பரிசு, வாழ்த்து எல்லாவற்றிலும் சோழி இருக்கிறது. 'பிரித்தல்' என்ற எழுத்தைச் சோழியின் தலையில் வைத்தால் 'ஏழ்மை'. மேலே இருப்பது ஒலியையும் காட்டுகிறது, இருந்த சோழியைப் பங்கு போட்டுவிட்டதையும் காட்டுகிறது. அந்த மேல்பகுதியைச் சற்றே மாற்றினால் 'பேராசை'. ஏழ்மையும் பேராசையும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போலிருப்பதால் மாணவர்கள் ஒன்றுக்கு மற்றொன்றை எழுதிவிட்டு மதிப்பெண் இழப்பார்கள். 'விலை கூடியது' என்ற எழுத்துக்கு 'மேன்மை' என்றும் பொருள் உண்டு. ஒருவரின் குடும்பப் பெயரைச் சீனர் மரியாதையாகக் கேட்கும்போதும், 'தங்கள் நிறுவனம்' என்று ஜப்பானியர் வணிகக் கடிதம் எழுதும்போதும் முன்னால் வந்து நிற்பது இந்த எழுத்தே. விலைக்கும் மரியாதைக்கும் 'மதிப்பு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இதில் வியப்பில்லை. 'மாடல்ல மற்றை யவை' என்ற குறளில் (400) மாடு என்றால் செல்வம் என்று படித்தவர்களுக்கு, சோழி என்றால் செல்வம் என்பதும் எளிதாகவே பிடிபடும்.

உங்கள் மகனுக்குக் கிடைக்காமல் போன இரண்டு சோழிகளுக்கு வருகிறேன். 'வாங்குதல்' என்ற பழைய எழுத்தில் மேலே ஒரு வலை, கீழே சோழி. வலை வீசிப் பிழைக்கும் ஊர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். அதன் தலையில் 'வெளியே செல்லுதல்' என்பதைச் சேர்த்தால் 'விற்றல்'. சீனம் 1956இல் எழுத்துகளைச் சுருக்கியபோது இவ்விரண்டிலிருந்தும் சோழி உதிர்ந்துவிட்டது. 1969 முதல் சிங்கப்பூரும் சுருக்க வடிவங்களின் பக்கம் போயிற்று. தனிச் சோழி எழுத்தும் ஏழு இழுப்பிலிருந்து நான்காகச் சுருங்கிற்று. ஜப்பானியரோ போருக்குப் பின் தாமும் எழுத்துகளைச் சுருக்கியபோது, 'வாங்குதல்' என்பதில் சோழியை விட்டுவைத்து 'விற்றல்' என்பதிலிருந்து மட்டும் எடுத்துவிட்டார்கள். விற்றவன் கையில்தானே சோழி இருக்க வேண்டும் என்று கேட்டால் பதிலில்லை. தைவானிலும் ஹாங்காங்கிலும் இரண்டிலும் சோழி இருக்கிறது. கொரியர் இந்த எழுத்துகளை இப்போது அரிதாகவே எழுதுகிறார்கள். 1446இல் வெளியிடப்பட்ட தங்கள் ஹங்குல் எழுத்திலேயே எழுதிவிடுவதால் இரண்டும் 'மே' என்ற ஒரே ஒலியாகி, வணிகம் 'மேமே' ஆகிவிட்டது. சீனர் 'வாங்கி விற்றல்' என்று சொல்லும் தொடரை ஜப்பானியரும் கொரியரும் 'விற்று வாங்கல்' என்று திருப்பிச் சொல்கிறார்கள். நாமும் 'கொடுக்கல் வாங்கல்' என்று கொடுப்பதைத்தானே முன்னால் வைக்கிறோம்.

ஜப்பானியரின் 'கை' என்ற சொல்லில் மட்டும் பண வாசனை இல்லை. சுற்றிலும் கடல் உள்ள அவர்களுக்குச் சிப்பி, மட்டி, சங்கு எல்லாமே 'கை', அதாவது உணவு. தின்று எறிந்த ஓடுகள் மேடாகிப்போன தொல்லிடத்துக்குக் 'கைசுகா', சிப்பி மேடு, என்று பெயர். 1877இல் எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்க விலங்கியலாளர் தோக்கியோவுக்கருகே ஓமோரியில் ரயிலில் போகும்போது அப்படியொரு மேட்டைக் கண்டுபிடித்ததிலிருந்தே அந்நாட்டின் அறிவியல் முறைத் தொல்லியல் தொடங்கியதாகக் கொள்கிறார்கள்.

கேள்வி (இராமேஸ்வரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி): ஜப்பானிய மொழியைச் சொந்தமாகக் கற்று வருகிறேன். பாடநூலில் ஓர் உறுப்புக்குச் 'சின்னச் சிப்பி' என்றும் வேறோர் உறுப்புக்குப் 'பெரிய சிப்பி' என்றும் பெயர் போட்டிருக்கிறது. ஆனால் பெரிய சிப்பி வரும் எழுத்துகளில் எதற்கும் பணத்தோடு தொடர்பில்லையே?

பதில்: இருக்க முடியாது, ஏனென்றால் அது சிப்பியே அல்ல. சோழியின்மேல் ஒரு தொப்பி வைத்தாற்போன்ற அந்த வடிவம், உண்மையில் தலை பெருத்த ஒரு மனிதனின் படம், பொருள் 'தலை'. அதனால்தான் நெற்றி, முகம், கழுத்து ஆகியவற்றின் எழுத்துகளில் அது வருகிறது. உருவம் ஒத்திருப்பதால் ஜப்பானியர் அடையாளத்துக்காக 'ஓகாய்', பெரிய சிப்பி, என்று அழைக்கிறார்கள், அவ்வளவே.

போலிச் சோழிகள் இன்னும் உண்டு. 'உறுப்பினர்', 'விதி' ஆகிய எழுத்துகளில் நீங்கள் காணும் சோழி, பிறப்பில் ஒரு முக்காலி வெண்கலப் பாத்திரம். எழுதி எழுதித் தேய்ந்து சோழியின் சாயலுக்கு வந்துவிட்டது. இதற்கு நேர்மாறாக, சோழி இருந்தும் வெளியே தெரியாத எழுத்துகளும் உண்டு. 'பெறுதல்' என்பது பழைய வடிவத்தில் ஒரு கை சோழியை எடுக்கும் படம். இன்று அந்தச் சோழி அடையாளம் தெரியாமல் மாறிப்போயிருக்கிறது. 'நண்பன்' என்பதில் இரண்டு நிலாக்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதாக உங்கள் பாடநூல் சொல்லியிருக்கலாம். அவை நிலாக்கள் அல்ல, தொங்கும் இரண்டு சோழிச் சரங்கள். சரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் தனி வடிவம் தோழமைக்கு இருந்தது. பின்னாளில் அது சரத்தின் எழுத்தோடு கலந்துவிட்டது. தொலைவிலிருந்து நண்பர் வருவது மகிழ்ச்சியல்லவா என்று கன்ஃபூசியசின் உரையாடல் தொகுப்பு தொடங்கும் இடத்தில் இருப்பது இந்த எழுத்தே.

கேள்வி (இராமேஸ்வரம் கோயில் பக்கம் சங்குக் கடை வைத்திருக்கும் வாசகர்): சோழிக்கு எழுத்து இருக்கிறது சரி. நம் சங்குக்கும் முத்துக்கும் சீனர் என்ன எழுத்து வைத்திருக்கிறார்கள்?

பதில்: சோழி எழுத்தையே கொண்டிருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே. சங்கைக் குறிக்கும் எழுத்து, பூச்சி, பாம்பு, தவளை ஆகியவற்றோடு 'புழு' உறுப்பின்கீழ் இருக்கிறது. முத்தோ பச்சைக்கல் உறுப்பின்கீழ் இருக்கிறது. முத்துக்கு வலப்புறம் உள்ள பகுதி ஒலிக்காக வந்தது. நம் முத்து சிப்பிக்குள் பிறந்தாலும் சீன அகராதியில் கல்லோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. சீனத்தில் 'ஜென்ஜூ', ஜப்பானில் 'ஷின்ஜு', கொரியாவில் 'ஜின்ஜு', வியட்நாமில் 'சான் சாவ்' என்பவையெல்லாம் முத்துக்கான ஒரே குடும்பத்துப் பெயர்கள்.

சங்கைப் பௌத்தர்கள் 'அறச் சங்கு' என்று போற்றினார்கள். அந்தச் சொல் ஜப்பானில் 'ஹோரா'. அதன்பின் நம் சோழி எழுத்தைச் சேர்த்து 'ஹோராகாய்'. மலைகளில் தவம் செய்யும் யமபுஷிகள் இன்றும் அதை ஊதுகிறார்கள். அது உங்கள் கடையிலுள்ள சங்கின் இனமல்ல. நீண்டு கூம்பிய, பழுப்புப் புள்ளிகள் கொண்ட வேறு சங்கு. இன்னொன்றும் கேளுங்கள்: ஜப்பானியத்தில் ஒருவன் 'ஹோரா ஊதுகிறான்' என்றால் அளந்து விடுகிறான் என்று பொருள். நம் ஊரில் ஒருவனுக்குச் 'சங்கு ஊதியாயிற்று' என்றால் என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி (சாயல்குடியிலிருந்து ஓய்வு பெற்ற தமிழாசிரியர்): என் பேத்தி வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில் ஓலைச் சுவடியைக் கண்டு படம் அனுப்பினாள். அருகிலிருந்த சீனக் குறிப்பை அலைபேசியில் மொழிபெயர்த்தால் 'சிப்பி இலை நூல்' என்று வருகிறது. பனங்காட்டுக்கு நடுவில் பிறந்து வளர்ந்த எனக்கு இது பொறுக்கவில்லை. ஓலையில் சிப்பி எங்கே வந்தது? மொழிபெயர்ப்புப் பிழையா?

பதில்: அலைபேசி எழுத்துக்கு எழுத்து சரியாகவே பெயர்த்திருக்கிறது, ஐயா; பொருளை மட்டும் கோட்டைவிட்டது. குறிப்பிலிருந்த முதல் எழுத்து நாம் இதுவரை பார்த்த சோழி எழுத்தேதான். ஆனால் அங்கே அது சோழிக்காக நிற்கவில்லை. தன் ஒலிக்காக மட்டும் நிற்கிறது.

பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்களுக்கு ஒரு பெரும் சிக்கல் இருந்தது. அவர்களின் எழுத்து ஒவ்வொன்றும் பொருளோடு பிறந்தது. வெறும் ஒலியைக் குறிக்க அவர்களிடம் நம்முடையதுபோல் தனி எழுத்துகள் இல்லை. ஆகவே வடமொழிப் பெயர் ஒன்றை ஒலி மாறாமல் எழுத வேண்டுமானால், ஏறத்தாழ அந்த ஒலியுள்ள எழுத்துகளை எடுத்து, அவற்றின் பொருளை மறந்துவிடும்படி வாசகனிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 'இலை' என்ற பொருளுள்ள 'பத்ர' என்ற வடசொல்லை அவர்கள் மூன்று எழுத்துகளால் எழுதினார்கள். இன்றைய சீனத்தில் அது 'பெய்துவோலுவோ' என்று விந்தையாக ஒலித்தாலும், அக்காலத்து ஒலிப்பு 'பாய்தாலா' என்பதற்கு நெருக்கமானது. நாளடைவில் மூன்றில் முதலெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு, புரிவதற்காகப் பின்னால் 'இலை' என்ற சீன எழுத்தைச் சேர்த்தார்கள். அதுவே 'பெய்யே': எழுத்தைப் பார்த்தால் சோழி இலை, பொருளைப் பார்த்தால் இலை இலை, அதாவது நம் ஓலை. 'நடுசென்டர்' என்று நாம் சொல்வதுபோல்தான். ஜப்பானியர் 'பையோ' என்றும், கொரியர் 'பேயொப்' என்றும், வியட்நாமியர் 'போய் ஸியெப்' என்றும் இதே இரண்டு எழுத்துகளைத்தான் படிக்கிறார்கள்.

இப்படி ஒலிக்காக வேலைக்கு அழைக்கப்பட்ட இடம் இன்னொன்றும் உண்டு. சோழிக்கு இடப்புறம் 'வாய்' சேர்த்தால், பௌத்தத் துறவிகள் இராகத்தோடு ஓதுவதைக் குறிக்கும் எழுத்து. அதுவும் வடசொல் ஒன்றை ஒலிபெயர்த்ததன் எச்சம். ஜப்பானியர் அதே எழுத்தைப் பிற்காலத்தில் 'உத்தா', பாட்டு, என்று படித்து நாட்டுப் பாடல்களுக்கு வைத்துக்கொண்டார்கள்.

ஓலையைப் பற்றிச் சீனருக்கு நேரடி அறிவும் இருந்தது. யுவான் சுவாங் 645இல் இந்தியாவிலிருந்து 657 நூல்களோடு திரும்பினார். அவற்றைக் காக்க 652இல் எழுப்பிய கோபுரம் ஷியான் நகரில் இன்றும் நிற்கிறது. கொங்கணத்தில் தாளமரக் காடு ஒன்று இருப்பதையும், அம்மரத்தின் நீண்டு அகன்ற பளபளப்பான இலைகளையே எல்லா நாட்டவரும் எழுதப் பயன்படுத்துவதையும் அவர் குறித்திருக்கிறார். யுன்னானின் தென்கோடியிலுள்ள தாய் இன மக்கள் அண்மைக்காலம்வரை எழுத்தாணியால் ஓலையில் பௌத்த நூல்களை எழுதி வந்தார்கள். சீனர் அவற்றையும் 'பெய்யே' நூல் என்றே சொல்கிறார்கள். ஜப்பானில் பனை இல்லை. ஆனால் அங்கே ஒரு மரத்தின் தடித்த இலையின் அடிப்புறத்தைக் குச்சியால் கீறினால் கீறல் கறுத்து எழுத்தாக நிலைக்கும். எழுதப் பயன்படும் இலை என்பதால் அதற்கு ஓலையின் பெயரையே வைத்துத் 'தராயோ' என்றார்கள். 1997இல் அந்நாட்டு அஞ்சல் துறை அதை அஞ்சலகங்களின் மரமாக அறிவித்தது. அந்த இலையிலேயே முகவரி எழுதித் தபால்தலை ஒட்டி அனுப்புவாரும் உண்டு.

இனி உங்கள் கோபம் தணிவதற்காக ஒன்று. சீனரின் சோழி எழுத்துக்குள் ஒளிந்திருக்கும் அந்த 'பத்ர' நமக்கு அயலார் அல்ல. வில்வ இலையை நாம் 'வில்வபத்திரம்' என்கிறோமே, அதே சொல்தான். இலையில் எழுதியது பத்திரம். அதனால்தான் நிலம் வாங்கினால் பத்திரம் பதிகிறோம், கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கிறோம். உங்கள் கேள்வியும் என் பதிலும் அச்சாகியிருக்கும் இதற்கும் அந்த இலையின் பெயர்தான்.